“வகுப்பில் சத்தம் அதிகம்”: வலயக் கல்விப் பணிப்பாளருக்கு வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

ஐயா,

இரண்டாம் தவணை தொடங்கிய வாரம் உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. தரம் 3 முதல் 5 வரை, இடைவேளைக்குப் பிறகு வரும் அரை மணித்தியாலத்தில் இனிப் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் செய்விக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அதுவரை அந்த நேரத்தை வாசிப்புக்கும் பாட்டுக்கும் என்று வைத்திருந்தோம். மூன்று வாரம் கழித்து, மேற்பார்வைக்கு வந்த குழுவில் ஒருவர் என் வகுப்பு வாசலில் நாலு நிமிடம் நின்றார். உள்ளே வரவில்லை. போகும்போது புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார்: “வகுப்பில் சத்தம் அதிகம். வினாத்தாள் பயிற்சி நடைபெறவில்லை.”

இரண்டும் உண்மைதான். ஆனால் அது என்ன சத்தம் என்று அவர் கேட்கவில்லை. அதிபர் ஊடாக அனுப்பிய விளக்கக் கடிதத்துக்கு ஏழு வாரமாகப் பதிலும் இல்லை. அதனால்தான் நாலு பேர் பார்க்க எழுதுகிறேன்.

அன்று என் வகுப்பில் பஸ் ஓடிக்கொண்டிருந்தது. தரம் 4, 23 பிள்ளைகள். வாங்குகளை இரண்டு வரிசையாகப் போட்டு ஒரு பெடியனைக் கொண்டக்டர் ஆக்கியிருந்தோம். பரந்தன், கிளிநொச்சி, முறிகண்டி, மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம், ஓமந்தை, வவுனியா என்று ஏ9 வீதி நெடுக அவன் ஊர் கூவ வேண்டும். கூவுகிற ஊருக்கு மோனையில், அதாவது முதலெழுத்தின் ஓசையில், சேரும் இன்னோர் ஊரைச் சொல்லும் பிள்ளைக்குத்தான் பஸ்ஸில் இருக்க இடம். பரந்தனுக்குப் பனங்காமமும் பாண்டியன்குளமும் வந்தன. முறிகண்டிக்கு முள்ளியவளை, முழங்காவில், முத்தையன்கட்டு என்று மூன்று பேர் இடித்துக்கொண்டு ஏறினார்கள். மாங்குளத்துக்கு மல்லாவி. கிளிநொச்சிக்கு ஆள் இல்லாமல் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கடைசி வாங்கிலிருந்து ஒருத்தி “கேப்பாப்புலவு!” என்று கத்தினாள். ஓமந்தைக்கு ஒருவன் ஒட்டுசுட்டான் என்றான். “அது ஓ, இது ஒ. ஏற ஏலாது” என்று கொண்டக்டர் மறித்தான். “சொல்லிப் பாரடா, வாய் ஒரே மாதிரித்தானே குவியுது” என்றான் மற்றவன். இரண்டு பேரும் வகுப்புக்கு முன்னால் நின்று வாயைக் குவித்துக் குவித்துக் காட்டினார்கள். வகுப்பே வாயைக் குவித்தது. சிரிப்பு அடங்கவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் அலுவலர் வாசலுக்கு வந்தார்.

அவர் போன பிறகு உருத்திரபுரத்தையும் அதே பஸ்ஸில் ஏற்றலாம் என்று பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்தார்கள். உ, ஊ, ஒ, ஓ நான்கும் மோனையில் ஓரினம். அ, ஆ, ஐ, ஔ ஓரினம். இ, ஈ, எ, ஏ ஓரினம். யாப்பிலக்கணம் சொல்வது இதைத்தான். ஒன்பது வயதுப் பிள்ளை இதைப் பாடமாக்கத் தேவையில்லை. உதடு சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

இனி நீங்கள் அனுப்பிய மாதிரி வினாத்தாளுக்கு வருகிறேன். அதில் ஒரு கேள்வி: மோனை அமையாத சோடி எது? அன்பு – ஆசை, மலர் – வண்டு, கல்வி – காலம். விடைத்தாளின்படி சரியான விடை இரண்டாவது. ஐயா, மகரமும் வகரமும் மோனையில் ஒன்றுக்கொன்று இனம். சகரமும் தகரமும் இனம், ஞகரமும் நகரமும் இனம். மலரும் வண்டும் அசல் மோனை. அந்தக் கேள்விக்கு விடையே இல்லை. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு அவ்வளவு ஆழம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். சரி. ஆழம் வேண்டாம் என்றால் அ–ஆ சோடியை மட்டும் எப்படி ஏற்றுக்கொண்டீர்கள்? அதுவும் இனம் பார்த்துச் சேர்த்ததுதானே? என் கொண்டக்டர் பெடியன் மூன்றையும் சொல்லிப் பார்த்துவிட்டு, “ரீச்சர், மலரும் வண்டும் உதட்டிலதானே பிறக்குது. பிழையான கேள்வி” என்றான். அவன் ஒன்றிலும் புள்ளடி போடவில்லை. அதற்குப் பூச்சியம் போடச் சொல்கிறது உங்கள் விடைத்தாள். நான் போடவில்லை.

இதைப் பெரிதுபடுத்துவது அந்த ஒரு புள்ளிக்காக இல்லை. காதால் படிக்க வேண்டியதைக் கண்ணால் படிப்பித்தால் இப்படித்தான் வரும். “முதலெழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை” என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கிற பிள்ளைகள் என்னிடமும் உண்டு. ரியூசனில் பழகியது. ஒரு பாட்டைக் கொடுத்து எதுகை எங்கே என்று கேட்டால் ஒவ்வோர் அடியிலும் இரண்டாம் எழுத்துக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டே போவார்கள். பாட்டு என்ன சொல்கிறது என்று கேட்டால் தெரியாது.

நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) பிள்ளைகளுக்காக எழுதிய ஆடிப்பிறப்புப் பாட்டு நம் எல்லோருக்கும் தெரியும். “ஆடிப் பிறப்புக்கு நாளை விடுதலை” என்று தொடங்கி “கூடிப் பனங்கட்டிக் கூழும் குடிக்கலாம், கொழுக்கட்டை தின்னலாம்” என்று போகும். ஆடி – கூடி எதுகை. கூடி, கூழ், குடிக்கலாம், கொழுக்கட்டை நான்கும் மோனை. இதை நான் கரும்பலகையில் எழுதி விளக்கியதில்லை. ஒரு வரியை நான் சொல்ல, அடுத்த வரியை அவர்கள் சொல்ல, கு வருகிற இடத்தில் மேசையில் ஒரு தட்டு. மூன்றாம் தடவையில் ஒரு பிள்ளை எழும்பிச் சொன்னாள்: “ரீச்சர், இந்த வரி முழுக்க வாய் கூழ் குடிக்கிற மாதிரியே நிக்குது.” எனக்கு இருபது வருடமாகத் தோன்றாத விஷயம். எந்த வினாத்தாளில் இதற்குப் புள்ளி இருக்கிறது?

சத்தமாய் வாசிக்காததால் வரும் வினைக்கு நானே சாட்சி. சின்ன வயதில், கார்த்திகை விளக்கீட்டுக்கு மறுநாள் தொடங்கி 21 நாளும் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் பெருங்கதை, அதாவது பிள்ளையார் கதை, படிப்பார்கள். வெளியே மாரி மழை, உள்ளே விளக்கு, அவல், எள்ளுருண்டை. வரதபண்டிதரின் பிள்ளையார் கதை கரும்பும் இளநீரும் காரெள்ளும் தேனும் என்றுதான் தொடங்கும். அம்மம்மாவிடம் இருந்த பழைய அச்சுப் புத்தகத்தில் அது “கரும்பு மிளநீருங் காரெள்ளுந் தேனும்” என்று பிரிந்து கிடக்கும். நான் எழுத்துக் கூட்டித் தனியே வாசித்துப் பார்த்துவிட்டு, மிளநீர் என்று பிள்ளையாருக்கு விருப்பமான ஏதோ ஒரு பானம் இருக்கிறது என்று கனகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். மிளகு போட்ட தண்ணீராக இருக்கும் என்பது என் கணிப்பு. ஒருநாள் அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து கேட்டபோது அவர் “கரும்பும்” என்று ஒரு சின்ன மூச்சு விட்டு, “இளநீரும்” என்று எடுத்தார். அவ்வளவுதான், மிளநீர் போய்விட்டது. அம்மம்மா பள்ளிக்கூடம் போனது இரண்டாம் வகுப்பு வரைக்கும்தான்.

எங்கள் கோயில்களில் புராணம் படிக்கும்போது ஒருவர் வாசிப்பார், மற்றவர் பயன் சொல்லுவார், அதாவது பொருளை விளக்குவார். வாசிப்பவர் எங்கே நிறுத்த வேண்டும் என்பது பயன் சொல்பவருக்கும் தெரியும், தூணோடு சாய்ந்திருக்கும் கிழவிக்கும் தெரியும். தப்பான இடத்தில் நிறுத்தினால் கிழவி திரும்பிப் பார்ப்பார். காற்புள்ளி என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டால் எனக்கு அந்தப் பார்வைதான் நினைவு வரும். ஏட்டுச் சுவடிகளில் இந்தக் குறிகள் இல்லை, தேவையும் இருக்கவில்லை. வாசிப்பவரின் குரலே குறியாக இருந்தது. அச்சு வந்து, பக்கத்தில் ஆளில்லாமல் தனியே வாசிக்கிற காலம் வந்த பிறகுதான் அவை வேண்டியதாயின. தமிழ் உரைநடையில் அவற்றை ஊன்றவைத்தவர்களில் முன்னிற்பவர் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). அவர் 1847இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் செய்யத் தொடங்கியவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எங்கே மூச்சு விட்டால் சனத்துக்கு விளங்கும் என்று மேடையில் கண்டவர் அவர்.

மேற்கோட்குறி இதில் இன்னும் முக்கியம். இதை நீங்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

தமிழில் ஒருவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது அது எங்கே முடிகிறது என்பதை “என்று” காட்டிக் கொடுத்துவிடும். எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்ட ஒரு சொல்லும் இல்லை. “தம்பி அம்மா எங்கே என்று கேட்டான்” என்று ஒரு பிள்ளை எழுதினால், கேட்டவன் தம்பியா, அல்லது வேறொருவன் தம்பியைப் பார்த்துக் கேட்டானா? பேசும்போது இந்தக் குழப்பம் வராது. தம்பி என்றதும் ஒரு தரிப்பு, அல்லது ஒரு விளி. எழுத்தில் அந்தத் தரிப்பைக் கொண்டுவருவது இரண்டு சின்னக் குறிகள்தான். “தம்பி, அம்மா எங்கே?” என்று முழுதையும் குறிக்குள் போட்டால் ஒரு கதை. தம்பியை வெளியே விட்டால் வேறு கதை.

நான் இதைப் படிப்பிக்கும்போது இரண்டு பிள்ளைகளை எழுப்பி விடுவேன். ஒருவர் கதை சொல்பவர், மற்றவர் கதைக்குள் இருப்பவர். ஒரு பந்தியை இருவரும் பங்குபோட்டு வாசிக்க வேண்டும். குரல் மாறும் இடத்தில் மற்றப் பிள்ளைகள் கொப்பியில் குறி போடுவார்கள். பெரிய சண்டை “என்று” யாருடைய வாய் என்பதில்தான் வரும். முதல் வாரம் எல்லோரும் “என்று”வையும் குறிக்குள் போட்டுப் பூட்டிவிடுவார்கள். பிறகு கதைக்குள் இருக்கிற பிள்ளையே சொல்லும்: “நான் ‘என்று’ எண்டு சொல்லேல்லை ரீச்சர், அது அவன் சொன்னது.” கேள்விக்குறி குறிக்குள்ளா வெளியேயா என்பதும் அப்படியே தீரும். கேட்டவருக்குத்தானே கேள்விக்குறி சொந்தம். இதை மௌனமாகச் செய்விக்க எனக்கு வழி தெரியவில்லை. உங்கள் குழுவுக்குத் தெரிந்தால் வந்து செய்து காட்டட்டும், கற்றுக்கொள்கிறேன்.

இதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைத்தால் என் அம்மாவின் கதையைக் கேளுங்கள். மீள்குடியேறி வந்த புதிதில் காணி எல்லைப் பிரச்சினை ஒன்று. அனுமதிப்பத்திரம் இடம்பெயர்வில் தொலைந்துபோனது. ஓர் அலுவலகத்தில் அம்மாவின் வாக்குமூலத்தை எழுதினார்கள். அதில் ஒரு வரி: “அவர் வேலி நான் போட்டது என்று சொன்னார்.” அம்மா சொன்னது, பக்கத்துக் காணிக்காரர் தன் வாயாலேயே “வேலி நான் போட்டது” என்று ஒத்துக்கொண்டார் என்பது. அடுத்த விசாரணையில் வேறோர் அலுவலர் அதே வரியை, வேலியைப் போட்டது அம்மாதான் என்று அவர் சொன்னதாக வாசித்தார். எழுதியவரும் பிழை விடவில்லை, வாசித்தவரும் பிழை விடவில்லை. அந்த வரி இரண்டு விதமாகவும் நிற்கும். அதை நேராக்க நாங்கள் நாலு தடவை பஸ் ஏறினோம். அம்மா கீழே கையெழுத்து வைத்திருந்தார், வாசித்துப் பார்க்காமல். வன்னியில் ஒரு குடும்பத்துக்கு எத்தனை படிவம், எத்தனை வாக்குமூலம், எத்தனை முறைப்பாடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யார் என்ன சொன்னார் என்பதைப் பிசகில்லாமல் எழுதவும், எழுதியதை உரக்க வாசித்துச் சரிபார்க்கவும் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

தவணைப் பரீட்சைக் கட்டுரைகளைத் திருத்தும் முறை பற்றியும் ஒரு வார்த்தை. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி என் வகுப்பில் இருக்கிறாள். “எங்க போற பாப்பா?” என்று தாத்தா கேட்டார் என மேற்கோட்குறி, கேள்விக்குறி எல்லாம் பிசகாமல் எழுதியிருந்தாள். விடைத்தாள்களை மாற்றித் திருத்தியபோது வேறொருவர் “போற”வுக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டு, எழுத்துப்பிழை என்று புள்ளி குறைத்திருந்தார். பக்கத்தில் இருப்பவள் “எங்கை போறாய் பிள்ளை?” என்று எழுதியிருந்தாள், அவளுக்கும் கோடு. குறிக்குள் இருப்பது தாத்தாவின் வாய். அதை “எங்கே செல்கிறாய் பிள்ளாய்?” என்று மாற்றினால் அந்தத் தாத்தாவே திரும்பிப் பார்க்கமாட்டார்.

இன்னொன்று. 2009இல் நான் செட்டிகுளத்து முகாமில் தொண்டராகப் படிப்பித்தேன். புத்தகம் இல்லை, கொப்பி இல்லை. தறப்பாளுக்குக் கீழே மண்ணில் இருந்த பிள்ளைகளுக்குக் கொடுக்க என்னிடம் மனப்பாடமாகக் கிடந்த பாட்டுகள்தான் இருந்தன. நான் ஒரு வரி, அவர்கள் ஒரு வரி. சில பிள்ளைகள் வாரக்கணக்காக வாயே திறக்கவில்லை. எதுகை வருகிற இடத்தில் மட்டும் சிலரின் உதடு அசையும். அடுத்து வரப்போகும் ஓசை இதுதான் என்று முன்கூட்டியே தெரிவதில் ஏதோ ஒரு தைரியம் இருந்திருக்க வேண்டும். இதை நான் ஆராய்ச்சி என்று சொல்லவில்லை, கண்டதைச் சொல்கிறேன்.

புலமைப்பரிசில் சோதனைக்கு நான் எதிரி இல்லை. என் மகளும் எழுதினவள்தான். கூலி வேலைக்குப் போகும் தகப்பனுக்கு அந்த உதவிப்பணமும் நல்ல பள்ளிக்கூடத்து அனுமதியும் என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால் சுற்றறிக்கை வந்த பிறகு மூன்று வினாத்தாள்கள் செய்வித்துப் பார்த்ததில் ஒன்று கண்டேன். பிழையாக விடை எழுதிய பிள்ளையைக் கூப்பிட்டு, அதே கேள்வியை வாய்விட்டு வாசிக்கச் சொன்னால், பாதி வாசிக்கும்போதே “ஐயோ ரீச்சர்” என்று தானே திருத்திக்கொள்கிறது. விடை தெரியாமல் இல்லை, கேள்வியை வாசிக்கத் தெரியவில்லை. அந்த அரை மணித்தியாலத்தை எடுத்துத்தான் இன்னும் வினாத்தாள் கொடுக்கச் சொல்கிறீர்கள்.

தமிழ்த்தினப் போட்டியில் பாவோதல் இருக்கிறதே என்று ஒரு பதில் வரும். இருக்கிறது. ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் குரல் நன்றாக உள்ள ஒரு பிள்ளையைப் பிடித்து, ஒரு மாதம் இழுத்து இழுத்துப் பழக்கி அனுப்புவோம். மற்றவர்கள் கைதட்டுவார்கள். போன வருடம் நானும் அதைத்தான் செய்தேன். ஆகவே இந்தக் குற்றச்சாட்டில் எனக்கும் பங்கு உண்டு.

ஐயா, நான் கேட்பது இவ்வளவுதான். அந்தச் சுற்றறிக்கையைத் தரம் 3க்கும் 4க்கும் முற்றாக விலக்குங்கள். தரம் 5க்கு விலக்க முடியாது என்றால் வாரத்தில் இரண்டு நாளாவது அந்த நேரத்தைத் திருப்பித் தாருங்கள். எதுகை, மோனையை மாதிரி வினாத்தாளிலிருந்து எடுத்துவிட்டு வகுப்பறைக் கணிப்பீட்டில் வாய்மொழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். மலர் – வண்டு கேள்விக்குத் திருத்தம் அனுப்பி, எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தப் புள்ளியைக் கொடுங்கள். கட்டுரையில் பேச்சைக் குறியிட்டு எழுதுவதற்கென்று தனியே புள்ளி ஒதுக்குங்கள். குறிக்குள் வரும் பேச்சுவழக்கு எழுத்துப்பிழை ஆகாது என்று திருத்துவோருக்கு எழுத்தில் அறிவியுங்கள். பாவோதலுக்கு ஒரு பிள்ளை போவதற்கு முன் வகுப்பு முழுவதும் அந்தப் பாட்டை ஓத வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேருங்கள்.

மேற்பார்வைப் புத்தகத்தில் இருக்கும் அந்தக் குறிப்பை அழிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அதை எழுதியவரை இன்னொரு தடவை அனுப்புங்கள், நீங்களும் வந்தால் நல்லது. இடைவேளை முடிந்து 10.30க்கு மணி அடிக்கும். வாங்கில் இடம் இருக்கிறது. ஆனால் ஏறுவதற்கு ஆளுக்கோர் ஊர் சொல்ல வேண்டும். வவுனியாவுக்கு மோனை இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

எழுத்தில் உங்கள் பதிலை இந்தத் தவணை முடிவதற்குள் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தரம் 4 வகுப்பாசிரியை ஒருத்தி,
வன்னி.